டொக்டர் வட்ஸ்அப் பாவிக்கிறார், கணினியில் பதியமாட்டேன் என்கிறார்: ஏன்?

2025 ஆகஸ்டில் இலங்கையில் அஞ்சல் ஊழியர்களின் வேலைநிறுத்தத்தால் ஏறத்தாழ ஒரு வாரம் கடிதங்கள் தேங்கிக் கிடந்தன. அப்போது அடிக்கடி பேச்சில் அடிபட்ட பொருள்களில் ஒன்று சுவரில் மாட்டும் ஒரு சின்னப் பெட்டி: கைரேகை வரவுப் பதிவு இயந்திரம். மேலதிக நேரக் கொடுப்பனவு உட்பட வேறு கோரிக்கைகளும் இருந்தன. ஆனாலும் வெளியில் நின்று பார்த்தவர்களுக்கு விளங்காமல் போனது இந்தப் பெட்டி விவகாரம்தான். ஒரு விரலை வைத்து எடுக்க ஏன் இத்தனை பிரச்சினை?

இதே குழப்பம் வேறு இடங்களிலும் உண்டு. வட்ஸ்அப்பில் எக்ஸ்ரே படம் அனுப்பி ஆலோசனை கேட்கும் மருத்துவர், நோயாளியின் விபரத்தைக் கணினியில் பதியச் சொன்னால் முகம் சுளிக்கிறார். பிள்ளைகளுக்குக் குரற்பதிவில் வீட்டுவேலை கொடுக்கும் ஆசிரியர், இணையத்தில் அறிக்கை நிரப்பச் சொன்னால் அதிபரோடு வாக்குவாதப்படுகிறார். இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று: பழைய ஆக்கள், கணினி தெரியாது, வேலை செய்யப் பஞ்சி.

இந்த மூன்றும் யாழ்ப்பாணத்துக்குப் பொருந்தாது. பொருளாதாரத் தடைக் காலத்தில் சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓட்டிய ஊர் இது. மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட ஊர். தேவையென்று பட்டால் இயந்திரத்தை வளைத்துப் பாவிக்கத் தெரிந்த ஆட்கள்தான் ஓர் இயந்திரத்தை வேண்டாம் என்கிறார்கள். ஆகவே காரணத்தைத் தேட வேண்டிய இடம் வேறு.

பாடப்புத்தக விடை எங்கே நின்றுவிடுகிறது

அலுவலகத் தொழில்நுட்பம் பற்றிய ஆய்வுகளில் அதிகம் எடுத்தாளப்படுவது, 1989இல் பிரெட் டேவிஸ் முன்வைத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரி. சுருக்கமாகச் சொன்னால், ஒருவர் ஒரு கருவியை ஏற்பாரா என்பதை இரண்டு எண்ணங்கள் தீர்மானிக்கின்றன. இது என் வேலைக்குப் பயன்படுமா? பாவிக்க இலகுவா? 2003இல் வந்த விரிவான மாதிரி இவற்றோடு சுற்றியிருப்பவர்களின் செல்வாக்கையும், வசதிகள் இருக்கின்றனவா என்பதையும் சேர்த்துக்கொண்டது.

மாதிரி பிழையில்லை. ஆனால் 'என் வேலை' என்பதை அது ஏற்கெனவே தெரிந்த ஒன்றாக எடுத்துக்கொள்கிறது. சிக்கல் அங்கேதான். மருத்துவரின் வேலை என்ன? நோயைக் கண்டுபிடிப்பதா, கண்டுபிடித்ததை நாட்டின் புள்ளிவிபரத்துக்கு உதவும் வகையில் எழுதி வைப்பதா? சுகாதார அமைச்சுக்கு இரண்டும் வேலை. மருத்துவருக்கு முதலாவதுதான் வேலை, மற்றது கிளாக் வேலை. பயன், இலகு என்ற இரண்டு கேள்விக்கும் முன்னால் இந்த மூன்றாவது கேள்வி நிற்கிறது.

தொழில்சார் அடையாளம் என்றால் என்ன

ஒருவர் தன் தொழிலை வைத்துத் தன்னை யாரென்று எண்ணுகிறார், மற்றவர்கள் அவரை யாரென்று எண்ணுகிறார்கள் என்பதன் கூட்டே தொழில்சார் அடையாளம். இதை விளக்க யாழ்ப்பாணத்தில் அதிகம் மினக்கெடத் தேவையில்லை. சட்டம்பியார் வீடு, விதானையார் வளவு, ஓவசியரின் மகள், தபாலதிபரின் படலை என்றுதான் ஊரில் இன்னும் வழி சொல்கிறார்கள். ஓய்வூதியம் எடுத்து இருபது வருடமானாலும் ஓவசியர் ஓவசியர்தான். தொழிலின் பேர் ஆளோடு ஒட்டி, அவர் போன பிறகும் காணியோடு ஒட்டிக்கிடக்கிறது.

இந்த அடையாளத்துக்குள் மூன்று சங்கதிகள் இருக்கின்றன. கைவந்த திறமை ஒன்று. எது நல்ல வேலை, எது ஒப்பேற்றின வேலை என்று பிரிக்கும் உள்ளளவுகோல் இன்னொன்று. மூன்றாவது, பக்கத்துத் தொழில்களோடு ஒப்பிடும்போது தான் நிற்கும் படி. மருத்துவர், தாதி, மருந்தாளர், சிற்றூழியர் என்ற வரிசை எந்த வாட்டிலும் எழுதாமலே தெரியும்.

ஓர் இயந்திரம் வரும்போது தொழிலாளி கேட்கும் கேள்விகள்

வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் நடத்தையைப் பார்த்தால் தெரியும்.

1. இது என் திறமையின் நடுவைத் தொடுகிறதா, ஓரத்தைத் தொடுகிறதா? மீயொலி ஸ்கானும், சின்னத் துளை வழியே கமரா விட்டுச் செய்யும் உட்காட்டிச் சத்திரசிகிச்சையும் வந்தபோது அவற்றைப் பழக மருத்துவர்களே முந்திக்கொண்டார்கள். அவை பழகக் கடினமானவை, ஆனாலும் மருத்துவரின் கண்ணையும் கையையும் நீட்டின. நோயாளர் பதிவு மென்பொருள் அவற்றைவிடப் பல மடங்கு இலகு. ஆனால் அது அவரைத் தட்டச்சாளராக்குகிறது. இலகுவானதைத் தள்ளிவிட்டுக் கடினமானதை ஏன் எடுத்தார்கள் என்பதற்கு டேவிஸின் மாதிரியில் திருப்தியான விடை கிடைக்காது.

2. இதன் வழியாக என்னை யார் பார்க்கிறார்கள்? கைரேகை இயந்திரம் அளப்பது ஒன்றே ஒன்று: ஆள் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போனார். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் வீட்டு இலக்கம் ஒழுங்காக இராது, ஒரே பேரில் மூன்று பேர் இருப்பார்கள். எந்தக் கடிதம் எந்தப் படலைக்கு என்று தெரிந்திருப்பதுதான் தபாற்காரரின் கெட்டித்தனம். அந்தக் கெட்டித்தனத்துக்கு இயந்திரத்தில் இடமில்லை. 'என் வேலையை அளக்கிறார்கள்' என்பதைவிட, 'என் வேலை இல்லாத ஒன்றை என் வேலை என்று அளக்கிறார்கள்' என்பதே கூடுதலாகக் குத்தும். அரசாங்கத்துக்கும் பொதுப்பணத்தில் கொடுக்கும் மேலதிக நேரக் கொடுப்பனவுக்குக் கணக்கு வேண்டும், அது நியாயமான தேவை. இரண்டும் ஒரே பெட்டிக்குள் வந்து மோதிக்கொண்டன.

3. இது வந்த பிறகு யார் மேலே, யார் கீழே? இதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இரண்டு ஆஸ்பத்திரி, ஒரே இயந்திரம்

ஸ்டீபன் பார்லி என்ற அமெரிக்க ஆய்வாளர் மசாசுசெட்ஸ் மாநிலத்தில் இரண்டு வைத்தியசாலைகளில் தங்கிநின்று கவனித்தார். சி.ரி. ஸ்கான் அப்போது புதிது. இரண்டு இடத்திலும் ஒரே வகை இயந்திரம் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்து இறங்கியது. 1986இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் இந்தத் துறையின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று.

ஒரு வைத்தியசாலையில் ஸ்கான் தெரிந்த கதிரியல் மருத்துவர்கள் இருந்தார்கள். தொழில்நுட்பவியலாளர்கள் புதியவர்கள். அங்கே மருத்துவர் கட்டளையிட்டார், மற்றவர்கள் செய்தார்கள். பழைய வரிசை இன்னும் இறுகியது.

மற்ற வைத்தியசாலையில் நிலைமை தலைகீழ். ஸ்கான் தெரிந்தவர்கள் தொழில்நுட்பவியலாளர்கள், மருத்துவர்களுக்குத்தான் அது புதிது. திரையில் தெரிவது நோயா இயந்திரக் கோளாறா என்று மருத்துவர் கீழ்நிலை ஊழியரிடம் கேட்க வேண்டி வந்தது. அந்த ஊழியர்களும் மருத்துவரின் முகம் கெடாமல், சொல்லிக்கொடுப்பது போலத் தெரியாமல் சொல்லிக்கொடுக்கப் பழகினார்கள். இரு பக்கத்துக்கும் சங்கடம். கொஞ்ச நாளில் மருத்துவர்கள் ஸ்கான் அறைக்கு வருவதைக் குறைத்துத் தங்கள் அறைக்குள் இருந்துகொண்டார்கள். அன்றாட முடிவுகள் மெல்ல மெல்லத் தொழில்நுட்பவியலாளர்களின் கைக்குப் போயின.

இரண்டு இடத்திலும் இயந்திரம் ஒரே வகைதான். வேறுபட்டது, யாருக்கு முன்னால் யார் தெரியாதவராக நிற்க வேண்டி வந்தது என்பது. 'பயிற்சி வகுப்பு வைத்தோம், சிரேஷ்ட ஆக்கள் ஒருத்தரும் வரேல்லை' என்று இங்கே அலுத்துக்கொள்ளும் அதிகாரிகள், அந்த வகுப்பில் சிரேஷ்டரையும் நேற்று வந்த பெடியனையும் ஒரே வாங்கில் இருத்தினோமா என்று ஒருக்கால் யோசித்துப் பார்க்கலாம்.

பாமினி ஏன் இன்னும் சாகவில்லை

உள்ளூர் உதாரணங்களில் எனக்கு மிகத் தெளிவாகப் படுவது இதுதான். பாமினி என்பது இலங்கைத் தமிழ் அச்சகங்களிலும் கந்தோர்களிலும் ஊறிப்போன எழுத்துரு. ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியீடுகளில் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்திருப்பதால், பாமினி இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் கிறுக்கல்தான் தெரியும். கூகுளில் தேட முடியாது, இணையத்தில் அப்படியே ஏற்ற முடியாது. எல்லா மொழிக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் அந்தத் தொல்லை இல்லை. அதில் தமிழ் 1991இல் வந்த முதற்பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. ஆனாலும் கலியாணக் கார்ட், கோயில் நோட்டீஸ், கந்தோர்க் கடிதம் என்று பாமினி இன்னும் ஓடுகிறது.

யூனிகோடின் பயனை அறியாமல் யாரும் பாமினியில் அடிக்கவில்லை. விசைப்பலகையைப் பார்க்காமல், ஆள் சொல்லச் சொல்ல அடிப்பவர்தான் கந்தோரில் நல்ல ரைப்பிஸ்ட். அவரது திறமை தலையில் இல்லை, விரல் நுனியில் இருக்கிறது. 'யூனிகோடுக்கு மாறுங்கோ' என்று சொன்னவர்கள் பலர், ஆங்கில ஒலிப்படி தட்டும் முறையையும் சேர்த்தே காட்டினார்கள். அந்த முறையில் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் முப்பது வருட ரைப்பிஸ்டும் ஒரே வேகம். ஏன், பிள்ளை முந்திவிடும். அவருக்கு அது மென்பொருள் மாற்றமாகத் தெரியுமா, பதவி பறிப்பாகத் தெரியுமா?

பாமினி விசை அமைப்பில் அடித்தாலே யூனிகோடு எழுத்து விழும்படி செய்யும் மென்பொருள்கள் வந்தன. விரல் பழையபடி ஓடும், கோப்பு புதிய முறையில் சேமிக்கப்படும். அதைக் காட்டிக்கொடுத்தபோது மாறியவர்கள் உண்டு. இத்தனைக்கும் தொழில்நுட்பத்தின் கணக்கில் ஒலிமுறையும் பாமினி விசைமுறையும் ஒன்றுதான், இரண்டிலும் வெளியே வருவது யூனிகோடு. ஆளுக்குத்தான் அவை இரண்டு வேறு உலகங்கள்.

நூலகர்கள் தடுமாறிய கதை

அடையாளம் தடைபோட மட்டும் செய்வதில்லை, சில வேளைகளில் கண்ணையும் மறைக்கும். அன்ட்ரூ நெல்சன், ஜெனிபர் இர்வின் என்ற இரண்டு ஆய்வாளர்கள், அமெரிக்க நூலகர்கள் தங்கள் தொழில் இதழ்களில் இணையத் தேடலைப் பற்றி எழுதியவற்றைப் பல ஆண்டுக் கணக்கில் வாசித்து 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தேடித் தருவதில் மன்னர்கள் என்று தங்களை எண்ணியிருந்தவர்கள் நூலகர்கள். இணையத் தேடலை முதலில் பார்த்தபோது அதன் குறைகள்தான் அவர்கள் கண்ணில் பட்டன: ஒழுங்கில்லை, நம்ப முடியாது. அந்தக் குறைகள் உண்மையானவை. ஆனால் வாசகர்களுக்கு அந்த அளவு தேடலே போதுமாக இருந்தது என்பதைக் காண அவர்களுடைய கெட்டித்தனமே இடம்விடவில்லை. பிறகு அவர்கள் தங்கள் தொழிலின் நடுவையே நகர்த்தினார்கள். தேடித் தருபவர் என்ற இடத்திலிருந்து, கிடைத்ததை எப்படி மதிப்பிடுவது என்று காட்டிக்கொடுப்பவர் என்ற இடத்துக்கு வந்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. 1981இல் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. ஒரே பிரதியாக இருந்த சுவடிகளும் அதில் அடக்கம். அதற்குப் பிறகு இங்கே புத்தகத்தோடு வாழ்பவரின் அடையாளத்தில் 'காப்பவர்' என்பது முன்னுக்கு வந்துவிட்டது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளத்துக்குப் பழைய புத்தகங்களையும் இதழ்களையும் கொடுத்தவர்களில், அச்சுப் புத்தகத்தின் வாசம் போய்விடும் என்று கவலைப்படக்கூடிய அதே தலைமுறையினரும் உண்டு. ஸ்கான் செய்வதை அவர்கள் புத்தகத்துக்கு எதிரியாகப் பார்க்கவில்லை, இரண்டாவது பிரதியாகப் பார்த்தார்கள். வேறிடத்தில் பிரேக் போடும் அதே அடையாளம் இங்கே உந்தித் தள்ளியது.

எதிர்ப்பு சத்தம் போடாமல் வரும்போது

வேலைநிறுத்தம் கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலான எதிர்ப்பு அப்படி வருவதில்லை. அதன் விளைவுகள் இவை:

1. இரட்டை வேலை. கணினியிலும் பதிவு, இடாப்பிலும் பதிவு. 'கறன்ற் போனால் என்ன செய்யிறது?' என்பார்கள். 2022 மார்ச்சில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்டில் அது வெறும் சாட்டு இல்லை. ஆனால் மின்சாரம் சீரான பிறகும் இடாப்பு மூடப்படாமல் இருந்தால், அங்கே இடாப்புத்தான் உண்மையான பதிவு, கணினி காட்சிப் பொருள்.

2. வெற்றுத் தரவு. நாள் முடிவில் கொப்பியைப் பார்த்து மொத்தமாகப் பதிவார்கள். தெரியாததெல்லாம் 'ஏனையவை' என்ற கட்டத்துக்குள் போகும். கொழும்பில் வரைபடம் அழகாக வரும், அதற்குக் கீழே ஒன்றும் இராது.

3. பக்கவழித் தொழில்நுட்பம். இதுதான் தலைப்பில் கேட்ட கேள்விக்கு நேரடிப் பதில். வட்ஸ்அப் மருத்துவரின் படியைத் தொடவில்லை. சக மருத்துவரோடு பேசுவதைத்தான் அது வேகமாக்கியது, மேலதிகாரிக்கு அறிக்கை போவதும் இல்லை. அதனால் அது கதவைத் தட்டாமலே உள்ளே வந்துவிட்டது. ஆனால் நோயாளியின் படமும் பேரும் தனிப்பட்ட கைபேசிகளில் அலைகின்றன. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கும் நாட்டில் இது சின்ன விசயமில்லை. உத்தியோகபூர்வ மென்பொருள் எவ்வளவு எரிச்சல் தருகிறதோ, பக்கவழி அவ்வளவு அகலமாகும்.

எல்லாவற்றையும் அடையாளத்தின் தலையில் கட்டலாமா?

கூடாது. 2021 யூலையில் ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. அது சம்பள முரண்பாடு போன்ற கோரிக்கைகளுக்கான போராட்டம், சூம் மீதான வெறுப்பு அல்ல. நொத்தாரிசுமார் காணி உறுதியை இன்னும் கடதாசியில் முடிப்பதைப் பழமைவாதம் என்று சொல்வதும் பிழை. 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டமே அசையாச் சொத்து விற்பனையையும் மரணசாசனத்தையும் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. தமிழ் இடைமுகம் அரைகுறையாக இருக்கும் மென்பொருளோடு மல்லுக்கட்டும் உத்தியோகத்தரிடம் போய் அடையாளம் பற்றிப் பேசினால் அவர் சிரிப்பார்.

அதேபோல, தொழிற் பெருமை எப்போதும் பொதுமக்களின் பக்கம் நிற்கும் என்றும் இல்லை. நகைத் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். உரைகல்லில் உரசித் தங்கத்தின் மாற்று (தூய்மை) எவ்வளவென்று சொல்வது பத்தரின் திறமை, வாங்க வந்தவர் அதை நம்ப வேண்டியதுதான். எக்ஸ் கதிர் கொண்டு தங்கத்தின் தூய்மையைச் சில விநாடிகளில் காட்டும் காரட் மீற்றர் அந்தத் தீர்ப்பைத் திரையில் போட்டு எல்லோருக்கும் காட்டுகிறது. பத்தருக்கு அது இழப்பு. தாலிக்கொடி அடகு வைக்க வந்த பெண்ணுக்கு அது பாதுகாப்பு. இங்கே நான் இயந்திரத்தின் பக்கம்.

உள்ளேயிருந்து வரும் ஆள்

மருத்துவத் துறையில் இலங்கை செய்த ஒரு காரியம் கவனிக்கத்தக்கது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம், மருத்துவர்களுக்கே உயிர்மருத்துவத் தகவலியலில், அதாவது மருத்துவத் தரவைக் கணினியில் கையாளும் துறையில், பட்டப்பின் படிப்பைத் தொடங்கியது. மென்பொருள் பற்றிப் பேச வருபவரும் ஒரு டொக்டர், அவரும் வாட்டில் இரவு முழித்தவர் என்றாகும்போது, கணினி 'வெளியாளின் வேலை' இல்லாமல் போகிறது. 2020 சனவரியில் கொவிட் பரவத் தொடங்கியபோது, சுகாதார அமைச்சு டி.எச்.ஐ.எஸ்.2 என்ற திறந்த மூல மென்பொருளில் பயணிகளைக் கண்காணிக்கும் முறையொன்றை விரைவாக அமைத்தது. பிறகு வேறு நாடுகளும் அந்த மாதிரியைப் பின்பற்றின. அந்த வேகத்துக்குப் பின்னால் இருந்தவர்களில் இப்படி இரண்டு பக்கமும் தெரிந்த மருத்துவர்களும் இருந்தார்கள்.

இதற்குச் செலவு உண்டு, காலமும் எடுக்கும். ஒரு தொழிலுக்குள்ளேயே புதிய பிரிவை உருவாக்குவது மூன்று நாள் பயிற்சிப் பட்டறையில் முடியாது. பாடசாலைகளிலும் அஞ்சல் கந்தோர்களிலும் இதற்குச் சமமான முயற்சி இல்லாததுதான் அங்கே ஒவ்வொரு புதிய மென்பொருளும் சண்டையோடு வருவதற்கு ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

இப்போது வந்திருப்பது நடுவையே தொடுகிறது

2022 நவம்பரில், கேட்டதை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளான சட்ஜிபிடி வெளியானதற்குப் பிறகு நிலைமை கொஞ்சம் மாறிவிட்டது. பதிவு மென்பொருளும் கைரேகைப் பெட்டியும் தொழிலின் ஓரத்தைத் தொட்டன. எழுதும், மொழிபெயர்க்கும், சுருக்கும் மென்பொருள் பல தொழில்களின் நடுவில் வந்து குந்துகிறது. அதனால் ஏற்பும் வேறு வடிவம் எடுக்கிறது: மறைத்துப் பாவித்தல். ஆசிரியர் பாடக்குறிப்பை அதில் எழுதுவித்துக் கையால் பார்த்தெழுதலாம், செய்தியாளர் தலைப்பைக் கேட்டு வாங்கலாம். 'நீங்கள் பாவிக்கிறீங்களா?' என்று படிவம் கொடுத்துக் கேட்டால் இல்லை என்றுதான் எழுதுவார்கள். பாவனையை ஒத்துக்கொண்டால் திறமை போய்விட்டது என்று ஆகிவிடும் என்ற பயம்.

சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் நிலை இன்னும் சுவாரசியமானது. பிறப்புச் சான்றிதழை, காணி உறுதியை ஆங்கிலத்துக்கு மாற்றிக் கையொப்பமும் முத்திரையும் இடுபவர் அவர். வெளிநாட்டுக்கு ஆள் போகாத வீடு அரிதாக இருக்கும் யாழ்ப்பாணத்தில் இந்தத் தொழிலுக்கு எப்போதும் கிராக்கி. வரைவை இயந்திரம் ஒரு நிமிடத்தில் தந்துவிடும். ஆனால் அது 'பரப்பு' என்ற காணி அளவைப் பொதுவான நிலப்பரப்பு என்று எண்ணிவிட்டால், தூதரகத்தில் பதில் சொல்ல வேண்டியவர் முத்திரை இட்டவர்தான். நூலகர்கள் நகர்ந்ததுபோல அவரது தொழிலின் நடுவும் மொழிபெயர்ப்பதிலிருந்து பொறுப்பேற்பதற்கு நகர்கிறது. கட்டணமோ இன்னும் பக்கக் கணக்கில் இருக்கிறது. 'மெசின் செய்ததுக்கு ஏன் தம்பி இவ்வளவு காசு?' என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு, அந்தக் காசு தட்டச்சுக்கு இல்லை, கையொப்பத்துக்கு என்று அவர் இனிமேல்தான் சொல்லிப் பழக வேண்டும்.